ரீகால் வருமுன் கட்டிய பில்

நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றுவிடுகிறது. எப்படியோ ஓரங்கட்டி, டோ டிரக்கை வரவழைத்து, பக்கத்து ஊர் மெக்கானிக்கிடம் கொண்டுபோய்ச் சேர்த்தால், எரிபொருள் பம்ப் போய்விட்டது என்கிறார் அவர். வாரன்டி முடிந்து நான்கு மாதம் ஆகிறது. நாளை காலை வேலைக்குப் போயாக வேண்டும், பிள்ளைகளைப் பள்ளியில் விட வேண்டும். கேட்ட தொகையைக் கட்டி வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறார் உரிமையாளர். எட்டு மாதம் கழித்துத் தபாலில் ஓர் உறை வருகிறது. உறையின் மேலேயே அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் முத்திரை, ‘முக்கியமான பாதுகாப்பு ரீகால் தகவல்’ என்ற வாசகம். அதே மாடல், அதே ஆண்டு, அதே பம்ப். டீலரிடம் வந்தால் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்கிறது உள்ளே இருக்கும் கடிதம்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் அமெரிக்காவில் இப்படி நடப்பது அபூர்வமல்ல. 2020 ஜனவரியில் டொயோட்டா, அந்நாட்டில் ஏறத்தாழ 7 லட்சம் டொயோட்டா, லெக்ஸஸ் கார்களை எரிபொருள் பம்புக்காக ரீகால் செய்தது. பம்புக்குள் சுழலும் பிளாஸ்டிக் விசிறி பெட்ரோலை உறிஞ்சி உப்பி, உறையில் உரசி நின்றுபோகும் என்பது கோளாறு. பின்னால் அந்த ரீகால் பல மடங்கு விரிந்தது. அறிவிப்பு வருமுன்பே பம்ப் போன வண்டிகளை யாரோ தங்கள் கைக்காசைப் போட்டுத்தான் சரிசெய்திருப்பார்கள்.

அப்படிச் செலவழித்தவர்களில் பலர் கடிதத்தைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டு, ‘நம்ம நேரம்’ என்று மடித்து வைத்துவிடுகிறார்கள். அந்தப் பெருமூச்சு தேவையில்லை. கடிதத்தின் பின்பகுதியில், பெரும்பாலும் சின்ன எழுத்தில், ஒரு பத்தி இருக்கும்: இந்தக் கோளாறுக்காக ஏற்கெனவே பணம் கட்டிச் சரிசெய்திருந்தால் அந்தத் தொகையைத் திரும்பக் கேட்கலாம், இன்ன முகவரிக்கு எழுதவும், இன்ன எண்ணில் அழைக்கவும் என்று. நிறுவனம் பெருந்தன்மையோடு தரும் சலுகை அல்ல அது. அதைக் கடிதத்தில் சொல்ல வேண்டும் என்பதும், முறையாகக் கேட்டவருக்குப் பணம் தர வேண்டும் என்பதும் சட்டம்.

இந்த அத்தியாயம் அந்தப் பத்தியைப் பற்றியது.

டயரில் பிறந்த உரிமை

பாதுகாப்புக் கோளாறு இருந்தால் தயாரிப்பாளர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும் என்ற கடமை அமெரிக்காவில் பழையது. அதன் வேர் 1966-ஆம் ஆண்டின் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்தும் அமைப்பு தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம். அங்குள்ளவர்கள் அதை ‘நிட்சா’ என்று சுருக்கிச் சொல்வார்கள். இங்கும் அப்படியே சொல்லலாம். ஆனால் அந்தப் பழைய சட்டம் ரீகால் அறிவித்த பிறகு செய்யும் ரிப்பேரைப் பற்றி மட்டுமே பேசியது. முன்கூட்டியே ஆபத்தை உணர்ந்து சொந்தக் காசில் சரிசெய்தவரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. கோளாறோடு பொறுமையாக ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு இலவசம், குடும்பத்தின் உயிரை நினைத்து உடனே மாற்றியவருக்குச் செலவு என்ற அநியாயம் நீண்ட காலம் நீடித்தது.

அதை உடைத்தது ஃபயர்ஸ்டோன் டயர் விவகாரம். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேல்பட்டை பிரிந்து வண்டிகள் கவிழ்ந்தன. 2000 ஆகஸ்டில் அந்நிறுவனம் ரீகால் அறிவித்தபோது, புழக்கத்தில் இருந்த டயர்கள் மட்டும் ஏறத்தாழ 65 லட்சம் என்று கணக்கிடப்பட்டது. அந்த டயர்களோடு தொடர்புபடுத்தப்பட்ட மரணங்களை நிட்சா பின்னர் 271 என்று குறித்தது. நாடே கொந்தளித்த அந்த இலையுதிர் காலத்தில், நவம்பர் 1 அன்று, ‘டிரெட்’ சட்டம் கையெழுத்தானது. தயாரிப்பாளர்கள் தரவேண்டிய தகவல்களைப் பற்றிய அதன் பிரிவுகள்தான் அதிகம் பேசப்பட்டன. அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு, அறிவிப்புக்கு முன்னால் நியாயமான காலத்துக்குள் சரிசெய்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரும் திட்டம் ஒவ்வொரு ரீகாலிலும் இருக்க வேண்டும் என்றது. ‘நியாயமான காலம்’ என்றால் என்ன என்பதை 2002-இல் நிட்சா விதியாக எழுதியது. ஃபெடரல் விதித்தொகுப்பில் 49-ஆம் தலைப்பின் கீழ் 573.13 என்ற எண்ணில் இருக்கும் விதி அது. பணம் கேட்டு எழுதும் கடிதத்தில் இந்த எண்ணைக் குறிப்பிடுவது நல்லது. எழுதுபவர் விஷயம் தெரிந்தவர் என்பதைப் பெறுபவருக்கு அது உணர்த்தும்.

ரீகாலா, வேறு ஏதாவதா?

கிளெய்ம் எழுத உட்காருமுன் தெளிய வேண்டியது ஒன்று உண்டு. நிறுவனங்கள் டீலர்களுக்கு அனுப்பும் தொழில்நுட்பச் சுற்றறிக்கை ரீகால் அல்ல. ‘வாடிக்கையாளர் திருப்தித் திட்டம்’, ‘வாரன்டி நீட்டிப்பு’ என்ற பெயர்களில் வருபவையும் ரீகால் அல்ல; அவற்றின் நிபந்தனைகளை நிறுவனமே வகுக்கிறது. 573.13 விதி பாதுகாப்பு ரீகாலுக்கு மட்டும் பொருந்தும்.

வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது எளிது. நிட்சாவின் இணையதளத்தில் காரின் 17 இலக்க ‘வின்’ எண்ணை இட்டால், அந்த வண்டிக்கு நிலுவையில் இருக்கும் ரீகால்கள் தெரியும். டாஷ்போர்டின் இடது மூலையில், கண்ணாடி வழியே பார்த்தால் அந்த எண் இருக்கும். பதிவுச் சான்றிதழிலும் இன்ஷூரன்ஸ் அட்டையிலும் இருக்கும். இணையம் பிடிக்காதவர்கள் 1-888-327-4236 என்ற நிட்சாவின் கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். ரீகாலுக்கு நிட்சா தரும் எண் ‘14வி-047’ போன்ற வடிவில் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, நடுவில் உள்ள எழுத்து வாகனத்தைக் குறிப்பது, கடைசியில் வரிசை எண். அந்த எண் இல்லாமல் கிளெய்ம் இல்லை.

சுற்றறிக்கை ரீகால் அல்ல என்றாலும் அதைத் தூக்கி எறிய வேண்டாம். ஜெனரல் மோட்டார்ஸின் இக்னிஷன் சுவிட்ச் விவகாரம் அதற்குச் சாட்சி. கனமான சாவிக்கொத்து இழுத்தால் சாவி தானாகத் திரும்பி, ஓடும் வண்டியின் எஞ்சின் அணைந்துவிடும் என்று டீலர்களுக்கு அந்நிறுவனம் சுற்றறிக்கை அனுப்பியது 2005 டிசம்பரில். வாடிக்கையாளர்கள் கொத்திலிருந்து கனமானவற்றைக் கழற்றிவிட வேண்டும் என்பது அதில் சொன்ன ஆலோசனை. எஞ்சின் அணைந்தால் ஏர்பேக்கும் வேலை செய்யாது. ரீகால் வந்தது 2014 பிப்ரவரியில். 124 உயிர்கள் போனதாகப் பின்னர் அமைக்கப்பட்ட இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்டது. ரீகாலுக்கு எட்டு ஆண்டு முன்பே கோளாறின் அறிகுறிகளை நிறுவனத்தின் சொந்த வார்த்தைகளில் விவரித்த தாள் அந்தச் சுற்றறிக்கை. இத்தகைய சுற்றறிக்கைகள் நிட்சா தளத்தில் அந்தந்த மாடலின் கீழ் கிடைக்கின்றன. தன் வண்டியில் நடந்தது இதே கோளாறுதான் என்று காட்ட விரும்பும் உரிமையாளருக்கு இதைவிட நல்ல துணை ஆவணம் வேறில்லை.

தேதிக் கணக்கு

எந்தத் தேதியில் செய்த ரிப்பேருக்குப் பணம் கிடைக்கும்? பலர் தடுமாறும் இடம் இது. விதி ஒரு தொடக்கத் தேதியும் ஒரு முடிவுத் தேதியும் சொல்கிறது.

நிட்சாவின் விசாரணை படிப்படியாக நடக்கும். முதலில் புகார்கள் சேரும், பிறகு முதற்கட்ட விசாரணை, அதில் விஷயம் இருந்தால் ‘பொறியியல் பகுப்பாய்வு’ என்ற அடுத்த கட்டம். இந்த இரண்டாவது கட்டம் தொடங்கிய நாள், அல்லது கோளாறு பற்றி நிறுவனம் நிட்சாவுக்குத் தெரிவித்த நாளுக்குச் சரியாக ஓராண்டு முந்தைய நாள், இவற்றில் எது முந்தியதோ அதுவே தொடக்கம். பகுப்பாய்வே நடக்கவில்லை என்றால் அந்த ஓராண்டுக் கணக்கு மட்டும். முடிவுத் தேதியோ, உரிமையாளர்களுக்கான கடைசிக் கடிதத்தை நிறுவனம் தபாலில் சேர்த்த நாளிலிருந்து குறைந்தது 10 நாள் கழித்துத்தான் இருக்க முடியும்.

இரண்டு உண்மை நிகழ்வுகளைக் கொண்டு இதைப் போட்டுப் பார்க்கலாம். ஜெனரல் மோட்டார்ஸ் தன் முதல் சுவிட்ச் ரீகாலை நிட்சாவுக்குத் தெரிவித்தது 2014 பிப்ரவரி 7 அன்று. அதற்கு முன் பொறியியல் பகுப்பாய்வு எதுவும் தொடங்கப்பட்டிருக்கவில்லை. ஆக விதி கட்டாயமாக்கும் காலம் 2013 பிப்ரவரி 7 முதல். 2009-இல் சுவிட்சை மாற்றியவர் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறார். ஓராண்டு என்பது போதாது என்பதற்கு இதைவிட வலிக்கும் உதாரணம் தேவையில்லை. பத்தாண்டு மறைந்திருந்த கோளாறுக்கு ஓராண்டு மட்டும் பின்னோக்கிப் பார்ப்பது விதியின் பெரிய குறை.

டெஸ்லா கதை வேறு விதம். பழைய மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களின் நடுத்திரையை இயக்கும் கணினியில் 8 ஜிபி நினைவக சிப் ஒன்று இருந்தது. எழுதி அழிக்க, எழுதி அழிக்க அது தேய்ந்து, ஐந்தாறு ஆண்டில் திரை இருண்டுவிடும். அதோடு பின்புறக் கேமராவும் கண்ணாடியின் பனி நீக்கும் கட்டுப்பாடும் போய்விடும். 2020 ஜூனில் நிட்சா விசாரணை தொடங்கி, நவம்பரில் அதைப் பொறியியல் பகுப்பாய்வாக உயர்த்தியது. 2021 ஜனவரியில் ரீகால் செய்யும்படி நிறுவனத்துக்கு எழுதியது. பிப்ரவரியில் 1,34,951 கார்களுக்கு ரீகால் வந்தது. இங்கே பகுப்பாய்வு தொடங்கிய நாளைவிட ஓராண்டுக் கணக்கே முந்தியது. அதன்படி 2020 தொடக்கம் முதல் கட்டியவர்கள் விதியின் வட்டத்துக்குள் வருகிறார்கள், 2018-இல் கட்டியவர் வரமாட்டார். ஆனால் அதற்கு முன்பே, 2020 நவம்பரில், டெஸ்லா அந்தப் பாகத்துக்கான வாரன்டியை 8 ஆண்டு அல்லது 1 லட்சம் மைலாக நீட்டி, ஏற்கெனவே அதற்குச் செலவழித்தவர்கள் பணம் கேட்கலாம் என்றும் அறிவித்திருந்தது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி முக்கியமானது. விதி சொல்வது குறைந்தபட்சம். அதைவிடத் தாராளமான காலத்தை நிறுவனம் தானே தரலாம், தருவதும் உண்டு. ஆகவே தேதி கொஞ்சம் வெளியே போகிறது என்பதற்காக யாரும் கேட்காமலே விடக்கூடாது. ஒரு தபால் தலையின் செலவுதான்.

துல்லியமான தேதிகளைத் தேடுபவர்கள், நிட்சா தளத்தில் ரீகால் எண்ணின் கீழ் இருக்கும் ‘573 அறிக்கை’யைத் திறக்க வேண்டும். நிறுவனம் அரசுக்குக் கொடுத்த அறிக்கை அது. கோளாறு எப்போது, எப்படித் தெரியவந்தது என்ற காலவரிசை அதில் இருக்கும். நிறுவனம் தெரிவித்த நாளும் இருக்கும். பத்து நிமிடம் ஒதுக்கிப் படித்தால் கிளெய்முக்கு வேண்டிய அடித்தளம் முழுவதும் கிடைத்துவிடும்.

பில்லில் என்ன எழுதியிருக்கிறது?

கிளெய்ம்கள் தேதியில் தோற்பதைவிட பில்லில் தோற்பதே எளிது.

அமெரிக்க ஒர்க்‌ஷாப்புகளில் நல்ல பில் எழுத மூன்று சொல் கற்றுக்கொடுப்பார்கள்: புகார், காரணம், திருத்தம். வாடிக்கையாளர் என்ன சொன்னார், மெக்கானிக் என்ன கண்டுபிடித்தார், என்ன செய்தார். ‘ஓடும்போது எஞ்சின் நின்றது, சோதித்ததில் எரிபொருள் பம்ப் அழுத்தம் இல்லை, பம்ப் மாற்றப்பட்டது’ என்ற மூன்று துண்டும் பில்லில் இருந்தால், எட்டு மாதம் கழித்து எங்கோ ஓர் அலுவலகத்தில் அதைப் பார்க்கும் ஊழியருக்குச் சந்தேகமே வராது. ‘எரிபொருள் அமைப்பு வேலை’ என்று ஒரே வரியில் முடித்திருந்தால் வரும். பில்லை எழுதும் அன்று ரீகால் பற்றி யாருக்கும் தெரியாது என்பதால், எந்த ரிப்பேராக இருந்தாலும் கவுன்டரை விட்டு நகருமுன் அந்த மூன்று துண்டும் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் எழுதித் தரச் சொல்வதை வழக்கமாக்கிக்கொள்வதுதான் நல்லது. வின் எண்ணும் ஓடோமீட்டர் அளவும் அதில் இருக்க வேண்டும்.

விதி உரிமையாளர் பக்கம் சில இடங்களில் உறுதியாகவே நிற்கிறது. அசல் ரசீதுதான் வேண்டும் என்று நிறுவனம் கேட்க முடியாது, நகல் போதும். ரசீது இந்தக் கோளாறுக்கான வேலையை மட்டுமே காட்டுகிறது என்பது தெளிவாக இருந்தால், பாகத்துக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லவும் முடியாது. பம்போடு சேர்த்து பிரேக் பேடும் ஆயில் மாற்றமும் ஒரே பில்லில் இருந்தால்தான் பிரித்துக் காட்ட வேண்டிவரும். எல்லாவற்றையும்விடப் பெரியது இது: முன்பு செய்த ரிப்பேர், இப்போது ரீகாலில் செய்யப்போகும் ரிப்பேரைப் போலவே அச்சு அசலாக இருக்க வேண்டும் என்று நிறுவனம் வற்புறுத்த முடியாது. வெளி மெக்கானிக்கிடம் செய்தது, வேறு நிறுவனத்தின் பாகத்தைப் போட்டது என்பவை மறுப்புக்குக் காரணம் ஆகா. செய்த வேலை அதே கோளாறையோ அதன் அறிகுறியையோ தீர்ப்பதாக இருந்தால் போதும். கோளாறைத் தீர்க்கத் தேவையே இல்லாத வேலையாக இருந்தால் மறுக்கலாம்.

பில் தொலைந்துவிட்டது என்று கைவிடுவதற்கு முன் அந்த ஒர்க்‌ஷாப்பைக் கேட்க வேண்டும். கலிபோர்னியாவில் ரிப்பேர் கடைகள் ஆவணங்களைக் குறைந்தது 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதே மாநிலத்தில், வேலை ஒப்படைக்கும்போதே கேட்டுக்கொண்டால் கழற்றிய பழைய பாகத்தையும் திருப்பித் தர வேண்டும். கழற்றிய பம்ப்பை ஒரு டப்பாவில் போட்டு கராஜில் வைத்திருப்பவரோடு வாதம் செய்வது எவருக்கும் கஷ்டம். கிரெடிட் கார்டு அறிக்கை மட்டும் போதாது. பணம் போனதை அது காட்டும், எதற்குப் போனது என்பதைக் காட்டாது. பில்லோடு இணைத்தால் பலம் சேர்க்கும்.

தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக முடியாது. பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக நிற்கும், கார் பதிவில் முன்னும் பின்னுமாக மாறியிருக்கும், மெக்கானிக்கின் கணினியில் இனிஷியல் மட்டும் இருக்கும். கார் மனைவி பெயரில், பில் கணவர் பெயரில், கார்டு இன்னொருவர் பெயரில் என்பதும் வீடுகளில் சகஜம். விதிப்படி நிறுவனம் கேட்கக்கூடியது ரிப்பேர் நடந்த அன்று வண்டியின் உரிமையாளர் யார் என்பது. எனவே அந்தத் தேதியில் செல்லுபடியான பதிவுச் சான்றிதழின் நகலை இணைத்து, பில்லில் இருக்கும் பெயருக்கும் பதிவில் இருக்கும் பெயருக்கும் என்ன தொடர்பு என்பதை ஒரே வரியில் கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும். நிறுவனம் கேட்டு, இவர் பதில் எழுதி என்று ஒரு சுற்றுக் கடிதப் போக்குவரத்து இதனால் மிச்சமாகும்.

உரிமையாளர் ‘அன்று’ யார் என்பதே கேள்வி என்பதால், வண்டியை இடையில் விற்றுவிட்டவரும் தயங்க வேண்டியதில்லை. செலவு அவருடையது. அவருக்கு ரீகால் கடிதம் வராது, புதிய உரிமையாளருக்குத்தான் போகும். ஆகவே பழைய வண்டியின் வின் எண்ணை எங்காவது குறித்து வைத்துக்கொண்டு அவ்வப்போது நிட்சா தளத்தில் பார்ப்பது அவர் பொறுப்பு. வீடு மாறியவர்களும் இப்படித்தான் கடிதத்தைத் தவறவிடுகிறார்கள். அது பதிவில் இருக்கும் முகவரிக்கே போகிறது. வேலை மாறி, ஊர் மாறி, மாநிலம் மாறி, காரின் பதிவு முகவரியை மட்டும் மாற்றாமல் இருப்பவர்கள் நம்மில் நிறையவே உண்டு.

வாரன்டி என்னும் பள்ளம்

ரிப்பேர் நடந்த அன்று வண்டி வாரன்டியில் இருந்து, டீலரிடம் போயிருந்தால் இலவசமாகவே செய்திருப்பார்கள் என்றால், வெளியில் காசு கட்டியதற்கு நிறுவனம் பணம் தர வேண்டியதில்லை. இதற்கு இரண்டு விலக்கு உண்டு. ஒன்று, டீலரே வாரன்டியில் செய்ய மறுத்திருக்க வேண்டும். மற்றொன்று, வாரன்டியில் செய்த ரிப்பேர் கோளாறைத் தீர்க்காமல் போயிருக்க வேண்டும்.

இரண்டாவது விலக்கைக் காட்டுவது எளிது. டீலரின் வேலைச் சீட்டே சாட்சி. முதலாவதுதான் கடினம். காரணம், டீலர் மறுப்பது பெரும்பாலும் வாய்ப்பேச்சில்: ‘இது வாரன்டியில வராது சார்.’ அந்தப் பேச்சு ஓர் ஆவணம் ஆகாது. மறுக்கப்பட்ட அன்றே எழுத்தில் கேட்க வேண்டும். தர மறுத்தால் அன்று மாலையே டீலருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம்: இன்று இன்ன நேரத்தில் வண்டியைக் கொண்டுவந்தேன், இன்ன கோளாறைச் சொன்னேன், வாரன்டியில் சேராது என்று சொன்னீர்கள் என. அதற்குப் பதில் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, தேதியிட்ட சாட்சி கையில் இருக்கும்.

எவ்வளவு கிடைக்கும்?

இரண்டு தொகைகளில் எது குறைவோ அது, குறைந்தபட்சம் கிடைக்கும். ஒன்று, உரிமையாளர் உண்மையில் கட்டியது. மற்றொன்று, நிறுவனத்தின் சில்லறை விலைப்பட்டியலில் அந்தப் பாகத்தின் விலை, அந்த ஊர்க் கூலி விகிதத்தில் வேலைக்கான கூலி, கழிவு அகற்றும் கட்டணம் போன்ற சில்லறைச் செலவுகள், வரி ஆகியவற்றின் கூட்டு. உதாரணமாக ஒருவர் 950 டாலர் கட்டியிருக்கிறார், நிறுவனக் கணக்குப்படி அதே வேலைக்கு 870 டாலர் என்றால், 870 வரும். அவர் 700-க்குள் முடித்திருந்தால் 700 வரும். வீட்டு வாசலில் தானே பாகத்தை மாற்றியவர் பாகத்துக்கான ரசீதைக் காட்டிக் கேட்கலாம். அவர் உழைப்புக்கு ரசீது இல்லை.

டோ டிரக் கட்டணம், வாடகைக் கார், விடுப்பு எடுத்த நாளின் சம்பளம் ஆகியவை இந்தக் கணக்கில் இல்லை. விதி ரிப்பேரைப் பற்றி மட்டுமே பேசுகிறது. ஆனாலும் அந்த ரசீதுகளையும் சேர்த்து வைக்கக் காரணம் உண்டு. ஹூண்டாய், கியா நிறுவனங்களின் தீட்டா-2 எஞ்சின்களில் பேரிங் தேய்ந்து எஞ்சின் சிக்கிக்கொள்ளும் கோளாறுக்கு 2015-இலும் 2017-இலும் ரீகால்கள் வந்தன. வாடிக்கையாளர்கள் கூட்டாக வழக்குத் தொடுத்தார்கள். அதில் எட்டிய சமரசத்தில் பழைய ரிப்பேர் செலவோடு டோ கட்டணமும் வாடகைக் கார் செலவும் கேட்க வழி இருந்தது. விதி தராததை வழக்கு தந்தது. அன்று ரசீதைக் குப்பையில் போட்டவருக்கு அந்த வழி பயன்படாமல் போயிருக்கும்.

கடிதமும் 60 நாளும்

கிளெய்ம் கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. கோபமாகவும் இருக்க வேண்டியதில்லை. பெயரும் தபால் முகவரியும், காரின் நிறுவனம், மாடல், ஆண்டு, வின் எண், ரீகால் எண், ரிப்பேர் நடந்த தேதி, அன்று உரிமையாளர் யார், கட்டிய தொகை. பிறகு இரண்டு வாக்கியம்: வண்டியில் என்ன நடந்தது, செய்த வேலை ரீகாலில் சொன்ன கோளாறை எப்படித் தீர்த்தது. கடைசியாக, 573.13 விதியின் கீழ் இந்தத் தொகையைக் கேட்கிறேன் என்ற வரி. இணைப்பாக ரசீது நகல், பதிவு நகல், தேவைப்பட்டால் டீலரின் மறுப்பு. ரீகால் கடிதம் சொன்ன முகவரிக்குத்தான் அனுப்ப வேண்டும். டீலரின் கவுன்டரில் கொடுத்துவிட்டு வந்தால் அது எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. சேர்ந்ததற்குக் கையெழுத்துச் சான்று வரும் பதிவுத் தபாலில் அனுப்புவது உகந்தது. நாள் எண்ணத் தொடங்குவது பெற்ற நாளிலிருந்து.

பெற்ற 60 நாளுக்குள் நிறுவனம் செயல்பட வேண்டும். பணம் தரலாம். ஆவணம் குறைவு என்றால், எது குறைகிறது என்று சொல்லி மறுபடி அனுப்ப வாய்ப்புத் தர வேண்டும். மறுத்தால், அந்த 60 நாளுக்குள்ளேயே காரணத்தைத் தெளிவாக எழுதித் தர வேண்டும். ‘தகுதி இல்லை’ என்ற ஒற்றை வரி அதற்குப் போதாது. அப்படி வந்தால் விதியைச் சுட்டி, காரணம் கேட்டு மீண்டும் எழுதலாம்.

அதன்பிறகும் நியாயம் கிடைக்காவிட்டால் நிட்சாவிடம் புகார் பதியலாம். ஒரு தனி நபரின் 800 டாலருக்காக அந்த அமைப்பு பஞ்சாயத்து செய்யாது, ஆனால் ஒரே நிறுவனத்தின் மேல் இத்தகைய புகார்கள் குவிந்தால் அதைக் கவனிக்க வேண்டிய பொறுப்பு அதற்கு உண்டு. மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவு இன்னொரு கதவு. மூன்றாவது, சிறு வழக்கு நீதிமன்றம். கலிபோர்னியாவில் தனி நபர் 12,500 டாலர் வரையிலும், டெக்சாஸில் 20,000 டாலர் வரையிலும் அங்கே கேட்கலாம். வக்கீல் இல்லாமலே வாதாடலாம். அங்கே போகிறவர் ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். ஃபெடரல் பாதுகாப்புச் சட்டத்தை வைத்துத் தனி நபர் நேரடியாக வழக்குப் போட முடியாது என்றே நீதிமன்றங்கள் பொதுவாகச் சொல்லி வந்திருக்கின்றன. வாதத்தை மாநிலத்தின் வாரன்டி, நுகர்வோர் சட்டங்களின் மேல் நிறுத்தி, 573.13-ஐத் துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

பணம் வந்தாலும் வண்டியைக் காட்டுங்கள்

ஏற்கெனவே மாற்றிவிட்டோமே என்று ரீகால் ரிப்பேரைத் தட்டிக் கழிப்பவர்கள் இருக்கிறார்கள். பணம் கேட்பது ஒரு வேலை, ரீகால் ரிப்பேரைச் செய்துகொள்வது வேறு வேலை. முதலாவது இரண்டாவதை ரத்து செய்வதில்லை.

ஜெனரல் மோட்டார்ஸ் விவகாரத்துக்கே திரும்பினால் காரணம் புரியும். 2014 மார்ச் கடைசியில் அந்நிறுவனம் 2008 முதல் 2011 வரையிலான மாடல்களில் அமெரிக்காவில் மட்டும் மேலும் 8,24,000 கார்களை ரீகாலில் சேர்த்தது. அவை தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது நல்ல சுவிட்சோடு வந்திருக்கலாம். ஆனால் பழைய, பழுதான சுவிட்சுகள் உதிரி பாகங்களாக டீலர்களுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் போயிருந்தன; ரிப்பேருக்கு வந்த கார்களில் அவை பொருத்தப்பட்டிருக்கலாம். சுவிட்சின் உள்ளமைப்பை மாற்றியபோது பாக எண்ணை மாற்றாமல் விட்டதால், எது பழையது எது புதியது என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை. காசு கொடுத்து ரிப்பேர் செய்தவரின் வண்டிக்குள்ளேயே ஆபத்து புதிதாக நுழைந்திருக்கக்கூடும் என்பதுதான் அந்த ரீகாலின் பொருள்.

ஆகவே கிளெய்ம் கடிதத்தைத் தபாலில் சேர்க்கும் அதே வாரத்தில் டீலரிடம் நேரம் வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் உரிமையாளர் வண்டியை வாங்கி 15 ஆண்டுக்குள் ரீகால் அறிவிக்கப்பட்டிருந்தால் வேலை இலவசம். முன்பு என்ன பாகம் போடப்பட்டது என்பதை பழைய பில்லைக் காட்டிச் சொல்லிவிட்டு, வேலை முடிந்ததும் கட்டணம் பூஜ்யம் என்று அச்சிட்ட டீலரின் வேலைச் சீட்டைக் கேட்டு வாங்கி, அந்தப் பழைய பில்லுக்குப் பின்னால் அதே உறையில் வைக்க வேண்டும்.